இடது முன் சக்கரத்தின் லாக் நட்

கதை கட்ட எனக்கு வராது. நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால்கூட லிஃப்ட் ஏன் கீழே விழாது என்று கேளுங்கள், உங்கள் டீ ஆறும்வரை சொல்வேன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். இதில் ஒரு வாஷரைக்கூட நான் கூடுதலாகச் சேர்க்கவில்லை. நம்ப முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் முதலில் வந்தது எரிச்சல். பயம் பின்னால்தான் வந்தது.

ஆரம்பம் ஒரு திருட்டு.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் கார்கள் நிற்பது தரைக்கு அடியில். ஜன்னல் கிடையாது. நடுப்பகலிலும் அங்கே இருட்டுதான். ஒரு நாள் காலை அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என் கார் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரங்களையும் காணோம்.

கார் எனக்கு ஊர் சுற்ற இல்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நாம் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் எப்படியும் வெளியேறிவிடும். அவளுக்கு அது உள்ளேயே தங்கும். ஒரு முறை தவறினால் முதலில் கால் வீங்கும். அப்புறம் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும். படுத்தால் மூச்சு முட்டும். மாமாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, கண் பார்வை மங்கல். வண்டி ஓட்ட முடியாது. வழியில் அக்கா வாந்தி எடுப்பாள் என்று தெரிந்தால் டாக்சிக்காரர்கள் பறந்துவிடுவார்கள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. முறை தவறியது. அக்கா உட்கார்ந்தபடியே தூங்கினாள், நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தேன். மறுநாள் அவசரப் பிரிவில் சேர்த்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா, என்னால எதுவும் சொல்ல முடியாது."

அதனால்தான் புதுச் சக்கரங்கள் வாங்கிய கையோடு லாக் நட்டும் வாங்கினேன். வீட்டில் பெரிய வழக்கு.

"நட்டுக்குப் பூட்டா?" என்றார் மாமா. "நட்டே ஒரு பூட்டுதானேய்யா மாப்ள! நாளைக்கு அந்தப் பூட்டுக்கு ஒரு பூட்டு வாங்குவியா?"

"மாமா, சாதாரண நட்டுக்கு ஆறு பக்கம். எந்த ஸ்பேனரும் அதுல உட்காரும். இதோட தலை உருண்டை..."

"ஆரம்பிச்சிட்டான்டி உன் தம்பி."

அக்கா கட்டிலிலிருந்தே சிரித்தாள். "சொல்லி முடிக்கட்டும் விடுங்க. பாதியில நிறுத்தினா அவனுக்குச் சோறு இறங்காது."

முடித்துவிடுகிறேன். லாக் நட்டின் உருண்டைத் தலையில் பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து ஒரு பள்ளம் இருக்கும். அந்த வளைவுக்குப் பொருந்துகிற சாவித் துண்டு ஒன்று கூடவே வரும். அதை நட்டில் செருகி, அதன்மேல் ஸ்பேனர் போட்டால்தான் சுற்றும். என் காரில் சக்கரத்துக்கு ஐந்து நட். அதில் ஒன்று மட்டும் லாக். ஒன்று போதும், நாலைக் கழற்றினாலும் சக்கரம் வராது. இது திருடனைத் தடுக்குமா? தடுக்காது. அவன் நேரத்தைத் தின்னும். அவசரக்காரத் திருடன் பக்கத்துக் காருக்குப் போய்விடுவான்.

"அப்ப பக்கத்துக் கார்க்காரன் என்ன பாவம் பண்ணான்?"

"அவரையும் வாங்கச் சொல்லுங்க மாமா."

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது.

அப்புறம் ஒரு நாள், டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது, இடது முன் சக்கரத்தில் லாக் நட் இல்லை. கீழே தரையில் இருந்தது. மற்ற நான்கு நட்டுகளும் இறுக்கமாக அப்படியே இருந்தன.

யோசித்துப் பாருங்கள். திருடன் சாதாரண நட்டுகளைக் கழற்றிவிட்டு லாக்கில் மாட்டிக்கொள்வான். அதுதான் வழக்கம். இவன் லாக்கை மட்டும் கழற்றிவிட்டு, எந்த ஸ்பேனருக்கும் வருகிற மற்றதையெல்லாம் விட்டுப் போயிருக்கிறான். தலையில் ஒரு கீறல் கிடையாது. உள்மரையில் தூசி ஏறாமல் இருக்க மெக்கானிக்குகள் வைப்பது போல, நட் வாய் தரையிலும் தலை மேலேயுமாக நிமிர்ந்து நின்றது. அதுவாக விழுந்த நட் இப்படி நிற்காது.

விற்ற கடைக்காரர், "நீங்க சரியா டைட் பண்ணலை சார்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. சரியான அளவு வந்ததும் 'டக்' என்று சொல்கிற ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. அந்த 'டக்'கை என் காதால் கேட்டேன். அவரோடு மல்லுக்கட்டி, வேறு பள்ளம் போட்ட புது செட் வாங்கி வந்தேன். வேறு சாவி.

அதுவும் கழன்றது. அதே சக்கரம். அதே மாதிரி நிமிர்ந்து.

காவலாளியிடம் போனேன். "ராத்திரி பூரா கேட்லதான் சார் உட்கார்ந்திருக்கேன், எலிகூட உள்ள போகலை" என்றார். மாமா அதற்கு மேல் போனார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"அப்ப கழட்டுறது யாரு?"

"மாமா..."

"தூக்கத்துல எந்திரிச்சுப் போய் ரிப்பேர் பண்றியா மாப்ள? எதுக்கும் உன் அக்காவைக் கேட்டுப் பாரு, சின்ன வயசுல நடப்பியான்னு."

ஒவ்வொரு முறையும் நான் முட்டி போட்டு நட்டை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மூச்சு வாங்குவாள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில், "தாமதமா வந்தா மெஷினை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவோம்" என்று சொல்வார்கள். பூட்டு போட்டதற்குத் திருடனே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

பிறகு அக்காவின் முறையை மாலைக்கு மாற்றினார்கள். அந்த முதல் மாலைதான்...

அக்கா கிளம்பிக்கொண்டிருந்தாள். நட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் முன்னால் இறங்கினேன். ஐந்தரை மணி இருக்கும். வெளியே இன்னும் வெயில். கீழே கும்மிருட்டு.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். எங்கள் கீழ்த்தளத்தில் விளக்குகளுக்கு ஸ்விட்ச் கிடையாது. தூணுக்குத் தூண் ஒரு சின்னக் கண் இருக்கும். அது வெளிச்சத்தைப் பார்க்கிற கண் இல்லை. சூட்டைப் பார்க்கிற கண். உடம்புச் சூடு உள்ள ஏதாவது அதன்முன் அசைந்தால் அந்தத் தூணின் விளக்கு எரியும். மனிதன் அசைந்தால் எரியும். பூனைக்கு எரியும். காற்றில் ஆடும் காகிதத்துக்கு எரியாது. அசைவு நின்றால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

லிஃப்டை விட்டு இறங்கினேன். என் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு. என் கார் கடைசி மூலையில்.

கிர்ர்...

நின்றேன்.

கிர்ர்... கிர்ர்...

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இரும்பு மரையில் இரும்பு நட் சுற்றுகிற சத்தம். என் கார் இருக்கிற மூலையிலிருந்து வந்தது.

மாட்டினான்டா என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம். காலணியைக் கழற்றிவிட்டுப் பூனை நடை நடந்தேன். நான் கடக்கக் கடக்க ஒவ்வொரு தூணாக விளக்கு எரிந்து வந்தது.

பாதி தூரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அங்கே ஒருவன் உட்கார்ந்து நட்டைக் கழற்றுகிறான் என்றால்... கை அசைகிறது. தோள் அசைகிறது.

அப்படியானால் அந்த மூலையில் விளக்கு ஏன் எரியவில்லை?

கிர்ர்... கிர்ர்...

கண் கெட்டிருக்கலாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

பளிச்சென்று எரிந்தது. எனக்கு எரிந்தது.

கண் கெடவில்லை.

காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

சத்தம் நிற்கவும் இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது முன் சக்கரம். லாக் நட் பாதி வெளியே வந்திருந்தது. சாவி இல்லை. ஸ்பேனர் இல்லை. கை இல்லை.

நட் சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாக. நிதானமாக. அவசரமே இல்லாத ஒருவன் சுற்றுவது போல... கால் சுற்று. ஒரு நிறுத்தம். மறுபடி கால் சுற்று.

பாக்கெட்டில் கை விட்டேன். சாவித் துண்டு இருந்தது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல அப்படி ஒரு குளிர்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மேலே அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் தாமதம் என்றால்...

நட்டை இரண்டு விரலால் பிடித்தேன். உள்ளே திருகினேன்.

அது எதிர்ப்பக்கம் திருகியது.

என் விரலுக்குள்ளேயே.

இரண்டு கையாலும் பிடித்தேன். நட்டின் விளிம்பு தோலைக் கிழித்தது. அந்தப் பக்கம் இருப்பவனுக்கு என்னைவிடப் பலம். மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

"என்னதான்டா வேணும் உனக்கு?"

கத்திவிட்டேன். அழுகையும் ஆத்திரமுமாக.

நட் நின்றது.

சுத்தமாக எந்தச் சத்தமும் இல்லை.

கேட்பது போல இருந்தது. யாரோ தலையைச் சாய்த்து... எதையோ கவனித்துக் கேட்பது போல.

டிங்.

லிஃப்ட்.

கதவு திறந்தது. அங்கே விளக்கு எரிந்தது. அக்கா. தனியாக இறங்கி வந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்டா? மேல இருந்து..."

அந்த நொடியே நட் என் பிடியிலிருந்து கழன்று விழுந்தது. உருள ஆரம்பித்தது.

எங்கள் தரை சமமாக இருக்காது. தண்ணீர் ஓடுவதற்காகச் சுவர்ப் பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள். எது விழுந்தாலும் சுவரை நோக்கித்தான் உருளும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அது மேட்டில் ஏறியது.

லிஃப்டை நோக்கி.

நேராக. தூண்களின் நடுவே. ஒரு விளக்கும் எரியவில்லை.

அக்காவின் செருப்பில் முட்டி நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள்.

"ஐயோ... என்னடா இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

ஓடிப் போய்ப் பிடுங்கி எறிந்தேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. நாலு நட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அக்கா, "உனக்கு என்னாச்சு, கையில என்ன ரத்தம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்பேனர் வழுக்கிவிட்டது என்றேன்.

அன்றிலிருந்து காரை வெளியே, தெரு விளக்கின் கீழே நிறுத்துகிறேன். நட் கழலவில்லை. அக்காவுக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை. வெயிலில் பெயிண்ட் போகிறது என்று மாமா தினமும் முணுமுணுப்பார். போகட்டும். அவரிடம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தனை வாரம் அந்தக் குழிக்குள் நிறுத்தியும் புதுச் சக்கரம் ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. அப்படியென்றால் லாக் நட் வாங்கியது வீண் இல்லை. கழன்றதோ இல்லையோ, வேலை செய்திருக்கிறது.

சில மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சக்கரம் திருடும் கூட்டம் மாட்டிவிட்டதாம். பொருளை அடையாளம் காட்ட வரச் சொன்னார்கள். குவியலில் என் பழைய சக்கரங்கள் இருந்தன. பக்கத்து பெஞ்சில் ஒல்லியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் எந்தக் கட்டடம் என்று காவலர் சொன்னதும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அந்தக் கடைசி மூலை காரா சார்? அங்க ரெண்டாவது தடவையும் வந்தோம்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "லாக் நட்டைப் பார்த்துட்டு விட்டுட்டீங்க. அதானே?"

அவன் சிரித்தான். "அதுவா? அதுக்கு மேல ஒரு சாக்கெட் ஸ்பேனரை அடிச்சு ஏத்தினா ஒரு நிமிஷம் சார். அதெல்லாம் உங்க மன நிம்மதிக்கு."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

சிரிப்பு நின்றுவிட்டது. காவலரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரு சார். முன் வீல் பக்கத்துல, இருட்டுல. சம்மணம் போட்டு. வேற கூட்டத்து ஆளுன்னு நெனச்சு தூரத்துல இருந்தே டார்ச் அடிச்சோம். வெறும் விரலால நட்டைத் திருகிட்டிருந்தாரு."

"முகம் பார்த்தீங்களா?"

"தலையைத் தூக்கவே இல்லை சார். நல்லவேளை. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அதோட நாங்க ஓடினவங்கதான்."

"என்ன கேட்டாரு?"

"'மூச்சு வாங்கிட்டே வருமே ஒரு அம்மா... இன்னைக்கு அது எப்போ கீழ வரும்?'னு கேட்டாரு சார்."