மாமா மாட்டிய சிவப்பு விளக்கு

கள்ளக்குறிச்சியில் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று மாமாவை அப்பா கேட்காத நாள் கிடையாது. மாமா என் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வண்டியில் இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. பாண்டிச்சேரியில் யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டதை ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தார். ஒருமுறை ஆயில் ஒழுகியது தெரியாமல் ஓட்டி எஞ்சின் இறுகிவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் மனிதர் துரும்பாக இளைத்துப்போனார். அப்பா கடைசியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளிமலைக்கு ஏறி இறங்கி வந்தால் வண்டி வீட்டில் இருக்கலாம். வழியில் நின்றால் நேராகக் காயலான் கடை.

எனக்கு அந்த வண்டி என்றால் உயிர். இடதுபக்க சீட் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற மாதிரி மாமா ஒரு சிவப்பு விளக்கு மாட்டினார். எஞ்சினில் ஒரு சுவிட்சைத் திருகி, அதிலிருந்து ஒயரை உள்ளே இழுத்தார். மரத்தாலான டேஷ்போர்டில் புதிதாக ஓட்டை போட அவருக்கு மனம் வரவில்லை. இடதுகோடியில் ஏற்கெனவே இருந்த ஓட்டையில், சரியாக என் மூக்குக்கு நேரே, பல்பைப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் அது பளிச்சென்று எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட்டது. மாமா சந்தோஷத்தில் விசிலடித்தார். எனக்கோ முகம் சுருங்கிப்போயிற்று.

எங்கள் வீட்டுச் சுவிட்ச் போர்டிலும் அதே மாதிரி ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது, ஃபேன் ஓடும். அணைந்தால் விசிறியைத் தேட வேண்டும். ஏழு வயதில் என் மின்சார அறிவு அவ்வளவுதான். மாமாவின் வேலை பாழாய்ப்போனது என்று முடிவுகட்டிவிட்டேன். வெளியே சொன்னால் வண்டி காயலான் கடைக்குப் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளம்பினோம். மலை ஏறும் வழியெல்லாம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு மாதாவை வேண்டினேன். அது எரியவில்லை. வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு மாமா பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார். உச்சி வெயில் முகத்தில் அடித்தது. அவர் கண் முழுக்க வளைவின் மேல் இருந்தது. அப்போதுதான் மாதா மனமிரங்கினாள். விளக்கு எரிந்தது.

"மாமா, எரியுது! எரியுது மாமா!" என்று சீட்டிலேயே குதித்தேன்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். மேடு பள்ளத்தில் அதிர்ந்து ஆயில் குழாயின் நட்டு கழன்றிருந்தது. ஆயில் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். பிறகு நட்டை முடுக்கி, கையோடு கொண்டுவந்திருந்த ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, விளக்கு அணைந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் ஓவென்று அழுதேன்.

"பயப்படாத பாப்பா, அணைஞ்சிடுச்சி பாரு," என்று தேற்றினார். நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

வீட்டில் என் கண்ணுக்கு ஏகப்பட்ட பாராட்டு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுவா நிக்கலியே, நீயாதான நிறுத்தியிருக்க. வூட்டுலயே இருக்கட்டும்," என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எப்படி அவ்வளவு சீக்கிரம் பார்த்தாய் என்று மாமா பெருமையாகக் கேட்டார்.

"போவும்போதுலேர்ந்தே அது எரியணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினே வந்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார். மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு என்னை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுக்கும்போதெல்லாம், "இன்னைக்கு இன்னாடி வேண்டிக்கின?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார். அவருக்காக அவ்வளவு உருகி வேண்டியவளிடம் இந்த மனிதர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.