பால் சொட்டின் கிரீடம்

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டி நாங்கள் இருந்த வாடகை வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. எனக்கு அது வசதி. ஞாயிறு மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் ஊற்றிய பாலில் ஒரு சொட்டு விழுந்து கிரீடம்போல எழும்புவதைப் படம் பிடிக்கப் பார்ப்பேன். இருட்டில் கேமராவைத் திறந்து வைத்து, சொட்டு விழும் கணத்தில் ஃபிளாஷை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்கு ஒருநாளும் கூடிவரவில்லை.

என் மனைவிக்குக் கொஞ்சம் கூடிவந்தது. மஸ்ஜித் இந்தியா தெருத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்த கை. தட்டுக்கு மேலே கட்டிய சொட்டுக் குழாயின் திருகை நான் திறப்பேன், அவள் ஃபிளாஷை அடிப்பாள். ரயில் போய்த் தட்டு அதிர்ந்தால் இருவரும் சேர்ந்து திட்டுவோம். ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

பிறகு அவள் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் நின்றது. இது குறையாது, கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். எண்ணெய், மந்திரிப்பு, விரதம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கை ஒரேயடியாகப் போவதற்குள் அந்தக் கிரீடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"ஒண்ணே ஒண்ணு போதுங்க. அப்புறம் போனா போகட்டும் லா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

படச்சுருள்கள் வீணாயின. கடைசியில் வேலையை மாற்றிக்கொண்டோம்: அவளுக்குத் திருகு, எனக்கு ஃபிளாஷ். பச்சைப் பால்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்த பாலைக் காய்ச்சாமல் வைக்க அவளுக்கு மனம் வராது. காய்ச்சியதைத்தான் ஊற்றியிருக்கிறாள். இருட்டில், ஆடை படிந்திருக்குமே என்ற நினைப்பு வர, அடுப்படிப் பழக்கத்தில் விரலை விட்டாள். அந்தச் சத்தத்தைச் சொட்டு என்று நினைத்து நான் அடித்துவிட்டேன்.

"கையை ஏன் வச்சே?"

"ஆடை இருந்துச்சுங்க."

கழுவி வந்த படங்களில் கிரீடம் எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும் அவள் கை இருந்தது. விரல் நுனியில் பாலாடை, ஒவ்வொரு ரேகையும் தெளிவாக. ஃபிளாஷின் வேகத்துக்கு முன்னால் நடுக்கம் தோற்றுப்போயிருந்தது.

"பாருங்களேன், ஆடவே இல்ல" என்று சிரித்தாள். இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணருகே கொண்டுபோனாள். படம் அவள் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.