அன்னாசி ஆகாத வீடு

புத்தூரில் சின்னத்தங்கத்தின் வீட்டுக்குள் ஒன்பது வருடமாக அன்னாசிப்பழம் நுழையவில்லை. வீட்டு வளவில் பப்பாசி காய்த்தால் பழுக்க முதலே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். யாராவது எள்ளுருண்டை கொண்டுவந்தால் அது அலுமாரிக்குள் ஒளியும். எல்லாம் மருமகள் கஜானிக்காக. அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கவேண்டும். சூட்டுப் பண்டம் தின்றால் தங்காது. இதை உங்களுக்கு யார் சொன்னது என்று சின்னத்தங்கத்திடம் கேட்கக்கூடாது. ஊர் சொல்கிறது, அவரும் சொல்கிறார், அவ்வளவுதான்.

கஜானிக்கு முப்பத்தெட்டு வயது. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறாள். சேலைச் சட்டை என்றால் அச்சுவேலியிலிருந்தும் அவளிடம்தான் வருவார்கள். சொன்ன நாளில் கொடுப்பாள், மிச்சத் துணியையும் மடித்துக் கையில் தருவாள். வருகிறவர்கள் விறாந்தைக் கதிரையில் காத்திருக்கவேண்டும். பக்கத்துக் கதிரையில் மாமியார் இருப்பார். அளவெடுக்கக் கூப்பிடுவதற்குள் வந்தவளுக்கு முழுக்கதையும் தெரிந்துவிடும். கலியாணம் முடித்த முதல் வருடம் கஜானிக்குச் சில நாள் தள்ளிப்போனதாம். அது பிள்ளையேதானாம். ஏதோ கலியாண வீட்டில் அன்னாசித் துண்டைத் தின்று அதைக் கலைத்துப்போட்டாளாம், நாக்கை அடக்கத் தெரியாத பெட்டையாம்.

அந்தக் கலியாண வீட்டில் கஜானி இருந்த பந்திக்குப் பழத்தட்டே வரவில்லை என்பதுதான் உண்மை. அதை யார் கேட்டார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உள்ளே அளவு நாடாவைப் பிடித்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். இடுப்பை அளக்கக் குனியும்போது, வந்தவளின் கண் தன் வயிற்றில் வந்து நிற்பதும் அவளுக்குத் தெரியும். அப்படிப் பார்த்தவளுக்கும் சட்டையை அளவாகத்தான் தைத்துக் கொடுத்தாள். நானாக இருந்தால் கையிடுக்கில் இறுக்கிப் பிடித்துத் தைத்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளும் கணவன் சுதாகரனும் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனார்கள். இரண்டு பேரையும் பரிசோதித்த பிறகு டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கஜானியில் ஒரு குறையும் இல்லை. குறை சுதாகரனில். வைத்தியம் இருக்கிறது, செய்து பார்க்கலாம். சுதாகரன் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் கோப்பாயில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, அம்மாவிடம் சொல்லவேண்டாம், அவ தாங்கமாட்டா என்று அழுதான். அவன் அழுததை அவள் அதுவரை கண்டதில்லை. சரி என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வீட்டிலோ பழியும் அவளுக்கு, பத்தியமும் அவளுக்கு. அந்தச் 'சரி'யை நினைத்து அவள் பல்லைக் கடிக்காத நாள் இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஆடி மாதம் கனடாவிலிருந்து தர்சினி வந்து இறங்கினாள். சின்னத்தங்கத்தின் தங்கை மகள். நல்ல பெட்டை, ஆனால் வாய் ஓயாது. பெரியம்மா வீட்டுக்கென்று ஒரு பிளெண்டர் கொண்டுவந்திருந்தாள். போன குளிருக்கு எங்கோ கடற்கரை நாட்டுக்குப் போய்ப் பினா கொலாடா என்று ஒன்று குடித்தாளாம். அன்னாசியும் தேங்காய்ப்பாலும் பனிக்கட்டி போல உறைய வைத்து அடித்தது, தொண்டையால் இறங்கும்போது சொர்க்கமாம். தேங்காய் காய்க்கிற ஊரில் அதை ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாள். சாராயம் விடுவதோ என்று சின்னத்தங்கம் விசாரித்தார். அங்கே விடுவார்கள், நாங்கள் விடாமல் செய்வோம் என்று தர்சினி சொன்னதும் சம்மதித்துவிட்டார். ஒன்பது வருடக் கட்டுப்பாடு ஒரு பேச்சில் போயிற்று. அன்று பின்னேரமே சந்தையிலிருந்து இரண்டு அன்னாசி குசினிக்குள் வந்து குந்தின.

ஒரேயொரு நிபந்தனை. செய்வது கஜானி. ஆனால் ஒரு சொட்டும் அவள் நாக்கில் படக்கூடாது. இதைச் சொல்லும்போது சின்னத்தங்கம் சிரிக்கவில்லை. தர்சினி விளங்காமல் பார்த்தாள். சுதாகரன் கைபேசியைப் பார்த்தான்.

அன்றே வேலை தொடங்கியது. கஜானி அன்னாசியின் தோலைச் சீவி, கண்களைச் சரிவாக வெட்டி எடுத்து, சிறு துண்டுகளாக்கினாள். சாறு மணிக்கட்டால் வழிந்து முழங்கை வரை ஓடியது. குசினி வாசலில் பலகை போட்டு மாமியார் குந்தியிருந்தார், காவலுக்கு. கஜானி எழும்பிப் போய்க் குழாயடியில் கையைக் கழுவினாள். மறுபடி வழிந்தது, மறுபடி கழுவினாள். இனிப்புக்கென்று ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் சதையை மட்டும் செதுக்கி எடுத்தாள். பிறகு திருவலையில் தேங்காயை வைத்தாள். அந்தத் தேங்காய்ப் பாதி அன்று பட்ட பாடு சொல்ல முடியாது. சிரட்டையும் சேர்ந்து திருவுப்படும் என்று பயந்தே மாமியார், மெல்ல, மெல்ல என்றார். தேங்காய்ப்பூவைத் துளி சுடுதண்ணீர் தெளித்துப் பிழிந்து கட்டிப்பால் எடுத்தாள். ஒரு பங்கைக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டில் ஊற்றிப் பழத்தோடு உறைய வைத்தாள். மிச்சப் பாலைப் போத்தலில் விட்டுக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் கூரையைப் போட்டுக் காய்ச்சியது. கஜானி கல்லாய் உறைந்த துண்டுகளையும் பால்கட்டிகளையும் பிளெண்டருக்குள் போட்டு அழுத்தினாள். அது ஒரு சத்தம் போட்டு இறுகி நின்றது. உள்ளதெல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்தால் எதுதான் ஓடும்? பாதியை வெளியே எடுத்து, போத்தல் பாலை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்தாள். அரைபட்டுக் குழைந்து மஞ்சளாய்த் திரண்டது. தகரத்தில் வரும் இனிப்பு ரின்பால் இரண்டு கரண்டி, தேசிக்காய் அரைமூடியின் புளி, ஒரு கிள்ளு உப்பு. வாசனையிலேயே பதம் சரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் எழும்பி வந்து கரண்டியால் வழித்து வாயில் வைத்து, இனிப்புக் காணாது என்றார். காணும் மாமி என்றாள் கஜானி. நீ குடிச்சுப் பார்த்தனியோ என்று கேட்டார் மாமியார். கஜானி இன்னும் இரண்டு கரண்டி ரின்பாலைக் கொட்டினாள்.

கிளாசில் கரண்டி நட்டபடி நிற்கிற பதத்தில் அதை ஹோலுக்குக் கொண்டு போனாள். தர்சினி ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடினாள். சுதாகரன் முதல் கிளாசை முடித்துவிட்டு இரண்டாவதற்குக் கையை நீட்டினான். தர்சினிதான், மச்சாள் உங்களுக்கு எங்கே என்று கேட்டு, ஜக்கிலிருந்து ஒரு கிளாசை நிரப்பி நீட்டினாள்.

"அவளுக்குக் குடுக்காதை பிள்ளை," என்றார் சின்னத்தங்கம். "உதைத் திண்டுதான் என்ரை பேரப்பிள்ளையைக் கலைச்சவள்."

இதுவரை அந்தக் கதை விறாந்தையோடு நின்றது. முகத்துக்கு நேரே வந்தது இதுதான் முதல் தடவை. அதோடு விடவுமில்லை. தள்ளிப்போன நாட்கள், கலியாண வீடு, அன்னாசித் துண்டு என்று தர்சினிக்கு ஆதியோடந்தமாய்ச் சொல்லி முடித்தார். தர்சினிக்குக் கிளாசை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கஜானி கணவனைப் பார்த்தாள். ஒரு சொல் போதும், விடுங்கோ அம்மா என்ற ஒரு சொல். அதற்காகத்தான் இரண்டு வருடம் வாயைப் பூட்டி வைத்திருந்தாள்.

சுதாகரன் மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தான். "அம்மா சொல்லுறதிலை என்ன பிழை? நீர் கொஞ்சம் வாயைக் கட்டினால் என்ன கஜானி?"

குட்டக் குட்டக் குனிகிறவள் ஒருநாள் நிமிரத்தான் வேண்டும். கஜானி தர்சினியின் கையிலிருந்த கிளாசை வாங்கினாள். நின்ற நிலையில், எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நெற்றி விறைத்தது. அவள் நினைத்தபடியே இனிப்புக் கூடித்தான் போயிருந்தது. அந்த நேரத்திலும் அது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெறும் கிளாசை மேசையில் வைத்தாள்.

"மாமி, டொக்டர் எங்கள் ரெண்டு பேரையும் பாத்தவர். என்னிலை ஒரு குறையும் இல்லை. குறை உங்கடை மகனிலை. ரெண்டு வருசமாய் இவருக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு என்னைக் கும்பிட்டவர்."

சின்னத்தங்கம் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஓமோடா?" என்றார். சுதாகரன் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஓம் என்று அவன் சொன்னது பக்கத்திலிருந்த தர்சினிக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் தாய்க்குக் கேட்டது.

கிழவி அழுவார், இல்லாவிட்டால் தன்மேல் பாய்வார் என்றுதான் கஜானி நினைத்தாள். சின்னத்தங்கம் இரண்டும் செய்யவில்லை. எழும்பிப் போய்த் தெருக்கதவைச் சாத்தினார். வேலிக்கரைப் பக்கத்து யன்னலையும் சாத்தினார். வந்து கஜானியின் கையைப் பிடித்தார். ஒன்பது வருடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி அவள் கேட்டதில்லை.

"பிள்ளை, உதை வெளியிலை ஒருத்தரிட்டையும் கதைச்சுப் போடாதை. அவன் ஆம்பிளைப் பிள்ளை. நாளைக்கு நாலு சனத்துக்கு முன்னாலை தலை காட்ட வேண்டாமோ?"

கஜானி மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நான் இவ்வளவு நாளும் நாலு சனத்துக்கு முன்னாலை காட்டினது என்ன மாமி?" என்று கேட்டாள்.