பதினேழாம் குழாயில் ஒரு பெண்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு லேபிள் அக்கா என்று பெயர். வைத்தது நான்தான். ஒரு சோதனைக்குழாயைக் கையில் எடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பார். "பதினேழு. நீ இங்கதான் போகணும், வா" என்று சொல்லிவிட்டுத்தான் அதைத் தாங்கியில் செருகுவார். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நிறுத்த மாட்டார். வீட்டிலும் இதே கதைதான் என்று பஸ் ஓட்டும் அவர் கணவர் ஒருமுறை என்னிடம் புலம்பினார். "உப்பு டப்பா, சர்க்கரை டப்பா எல்லாத்துலயும் லேபிள். நான் அசந்து தூங்கினா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவா தம்பி."

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. எலும்பு மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்கள் என்று கொஞ்சம் உண்டு. உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுக்க அவற்றின் பிள்ளைகுட்டிகள்தான். அவற்றில் ஒன்று தறிகெட்டுப் போனால் ரத்தப் புற்றுநோய். நல்ல செல்லுக்கும் கெட்ட செல்லுக்கும் உள்ளே இருக்கிற மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றேதான். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். "தூங்க வேண்டியவன் முழிச்சுக்கிட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டு இருப்பான், அவன் யாருன்னு பாக்குறதுதான் நம்ம பொழப்பு" என்பார் அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து மஜ்ஜை ஐஸ் பெட்டியில் வரும். அக்காவின் எந்திரம் செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓடவிட்டு, ஸ்டெம் செல்களை மட்டும் தனியாகப் பிரிக்கும். ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று படித்த பிறகு, அந்த எண்களெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான் சொல்வார்கள். அது அக்காவுக்குப் போதாது. எண்ணோடு ஒரு உறவையும் சேர்த்துக்கொள்வார். பதினேழு என்பவர் முப்பது வயது ஆண், ஆகவே "நம்ம பதினேழு தம்பி". போன வருஷம் நோய் முற்றியிருந்தபோது அவருடைய மஜ்ஜை முதல்முறை எங்களிடம் வந்தது. இப்போது வந்தது இரண்டாவது குழாய். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே நாளில் ஆரோக்கியமான ஒரு பெண்ணின் குழாயும் வந்திருந்தது.

விடை வந்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்தது. பெண்களின் செல்லில் மட்டும் விழித்திருக்கும் மரபணு ஒன்று உண்டு. அது பதினேழில் ஜோராக விழித்திருந்தது. நோயின் வாடையே இல்லை. எங்கள் தலைமை விஞ்ஞானியை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டுமே ஆரோக்கியமான பொம்பளை செல். ஒரே குழாயை ரெண்டு தடவை ஓட்டியிருக்காங்க."

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அன்னைக்கு மாமியார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு மேடம்" என்றார் அக்கா. "வேலைய முடிச்சுட்டுத்தான் கிளம்பினேன். ஆனா நம்பரைப் படிச்சேனான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல."

"யானைக்கும் அடி சறுக்கும். என்ன நடந்ததுன்னு தெரியற வரைக்கும் மெஷினை வேற யாராவது பாத்துக்கட்டும்."

அக்கா கரைசல் கலக்கும் மேசைக்கு மாறினார். அங்கேயும் பாட்டில்களில் லேபிள் இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பண்ணியிருப்பேன் தம்பி. இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுத்த மஜ்ஜை அது. அந்தப் பையனுக்கு எப்படி வலிச்சிருக்கும். அதை வீணாக்கிட்டு, யாரோ ஒருத்தியோட ரிசல்ட்டை அவன் தலையில கட்டிட்டேனே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் அதை வேலையில் காட்டினேன். ஒரே குழாயை இரண்டு முறை ஓட்டியிருந்தால் இரண்டிலும் ஒரே ஆளின் செல்கள்தான் இருக்க வேண்டும். மரபணுக்களின் எழுத்துகளில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. இரண்டும் வெவ்வேறு பெண்கள்.

மேடத்திடம் காட்டினேன். அக்காவையும் இழுத்து வந்து நிறுத்தியிருந்தேன்.

"அப்போ பதினேழுல இருக்குற இந்தப் பொம்பளை யாரு?" என்று கேட்டபடி மேடம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். எடுத்தது அங்கே இருக்கும் நர்ஸ்.

"பதினேழா? அவருக்குத்தான் போன வருஷமே மஜ்ஜை மாத்தியாச்சே. அவங்க கூடப்பிறந்த அக்கா குடுத்தாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, அவனுடைய அக்காவின் ஸ்டெம் செல்களை ஏற்றியிருக்கிறார்கள். அவை அவன் எலும்புக்குள் குடியேறிவிட்டன. அன்றிலிருந்து அவன் உடம்பில் ஊறுவது அவன் அக்காவின் ரத்தம். மஜ்ஜையே கதி என்று கிடக்கும் எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் மேடம். "மெஷின் உங்களோடதுதான்."

லேபிள் அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். "அவங்க அக்காவா" என்று சொல்லிச் சிரித்தார். "குடுத்து வச்ச பய." எனக்கும் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பதினேழை மறுபடி திறந்தேன். அக்காவும் பின்னால் வந்து நின்றார். திரையில் ஒரு பெரிய கூட்டம், அந்தப் பெண்ணின் செல்கள். ஓரத்தில் ஒட்டாமல் ஒரு சின்னக் கும்பல். எண்ணிக்கை குறைவு என்பதால் புரோகிராம் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தது. அவற்றில் பெண்ணுக்குரிய அந்த மரபணு விழித்திருக்கவில்லை. போன வருஷத்து முதல் குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அப்போது நோய் செல்களில் எவையெல்லாம் விழித்திருந்தனவோ, அவையேதான் இங்கேயும் விழித்திருந்தன.

"இது அவனோடதா தம்பி?"

"அவனோடதுதான்க்கா."

"பழசா?"

"பழசுதான்."

மேடம் உடனே அவனுடைய டாக்டரிடம் பேசினார். முதலில் அவர்கள் சோதித்து உறுதி செய்ய வேண்டும், இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது நல்லது, அவனுடைய அக்காவிடமிருந்து இன்னும் கொஞ்சம் செல் எடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மேடத்திடம் இதைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது லேபிள் அக்கா தன் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னும் அதைப் போடவில்லை. அன்றைக்கு வந்த குழாய்கள் ஐஸில் காத்துக்கொண்டிருந்தன.

"அன்னைக்கு நான் நிஜமாவே குழாயை மாத்தி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி" என்றார்.