மீன் வண்டியில் வந்த மௌத்து அறிவிப்பு

என் கணவர் சலீமின் மையத்து, உயிர் பிரிந்த உடல், வீட்டுக் கூடத்தில் கிடந்தது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியோ வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளியில் அறிவிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் சனம் வரும், மையத்தை வைத்துச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி வரும், அதைத் தூக்கத் தோள்கள் வரும். பள்ளிக்குப் போன என் தம்பி முகம் கறுத்துத் திரும்பினான்.

"அவர் நம்மட ஜமாஅத் இல்லயாம் ராத்தா. ஒங்கட ஆக்கள வெச்சு அடக்குங்கண்டு தலைவர் சொல்றார். சந்தூக்கும் தர மாட்டாங்களாம்."

எங்கள் ஆட்கள்! வியாழன் மஃரிபுத் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டில் திக்ரு செய்ய வரும் நாலைந்து கிழவர்கள். வட்டமாக இருந்து, குரலெடுத்து அல்லாஹ்வின் பெயரைச் சொன்னோம். அதுதான் குற்றம். வழிகேடர் என்றார்கள். கூரைக்குக் கல்லெறிந்தார்கள். கதவைச் சாத்தினோம், குரலைத் தாழ்த்தினோம். அதுவும் போதாமல் மையத்துக்குமா தண்டனை?

எனக்கு அழுகை வரவில்லை. கொதித்தது. தொழுகை விரிப்பான முஸல்லாவில் விழுந்தேன். "யா அல்லாஹ், இவர்களை மன்னிக்கச் சொல்லி என்னிடம் கேட்காதே. இவரைத் தூக்கத் தோள் தா." அழகான துஆ அல்ல. அதுதான் வந்தது.

முஸல்லாவை இன்னும் மடிக்கவில்லை, வாசலில் மீன்கார றமீஸின் ஆட்டோ. சொறிக்கல்முனை வரைக்கும் கூவி விற்கிறவர். அந்தப் பள்ளியின் ஆள்தான். இறைநேசர்கள் பேரில் நாங்கள் ஆக்கிக் கொடுக்கும் கந்தூரிச் சோற்றைத் தொடவே மாட்டார். தம்பி நடந்ததைச் சொன்னான்.

"ஒங்கட சோறு எனக்கு இண்டைக்கும் ஹறாம்தான் ராத்தா, அதில மாத்தமில்ல," என்றார் றமீஸ். "மையத்துத் தூக்குறது என்ட கடம."

மீன் கூவும் ஒலிபெருக்கி தெருத்தெருவாகக் கத்தியது: "இண்டைக்கு மீன் இல்ல! சலீம் காக்கா மௌத்து! அஸருக்கு அடக்கம், வாங்க!"

வந்தார்கள். பள்ளிக்குப் பயந்து வாய்மூடி இருந்தவர்களெல்லாம் வந்தார்கள். சந்தூக்கு வரவில்லை, அவர் படுத்த கட்டிலையே தூக்கினார்கள். அடக்கும் இடமான மையவாடி வரைக்கும் தோள் கேட்டு இடிபட்டார்களாம், தம்பி வந்து சொன்னான். மறிக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ். கோபம் ஆறாமலேதான் சொல்கிறேன். அவன் என் கோபத்தையும் சேர்த்தே கேட்டான்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்தது. வியாழன் திக்ரு எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது, கதவைத் திறந்து வைத்து. றமீஸ் உள்ளே வருவதில்லை, வரவும் மாட்டார். எங்கள் வாசலைக் கடக்கும் வரைக்கும் தன் ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்திவிடுகிறார்.

சகோதரிகளே, ஊர் உங்களை ஒதுக்கினால் கொதித்தபடியே அவனிடம் கேளுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். கல் வரும். தோளும் வரும்.