அம்மாவின் கன்னத்தில் ஏறிய சதை

போன வருடம் பங்குனி உத்திரத்தன்று காலை, மலேசியாவின் கெடா மாநிலத்தில் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் முருகன் கோயில் வாசலுக்குச் சற்று முன்னால், என் அம்மா பால்குடத்தோடு கீழே விழுந்தார். சுற்றி நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று கைகூப்பினார்கள். மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நானும் கைகூப்பி நின்றேன். இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.

நடந்தது விளங்க வேண்டுமென்றால் ஒரு வருடம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேலும் போய் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. படித்து முடித்ததும் சுங்கை பட்டாணியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது ரப்பர் இலை உதிரும் காலம். வருடத் தொடக்கத்தில் மழை குறைந்ததும் எங்கள் பக்கத்துத் தோட்டமெல்லாம் பழுப்பாகி, மொட்டையாகிவிடும். பிறகு துளிர் விடும், கூடவே சின்னச் சின்ன மஞ்சள் பூ வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு அதுதான் வேதனை. காலையில் எழுந்ததும் தும்மல் ஆரம்பிக்கும், அடுக்கடுக்காக, மூச்சு வாங்கும் வரை. கண் இரண்டும் சிவந்து வீங்கிவிடும். மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்துபோகும். அதோடுதான் மரம் சீவப் போவார்.

கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தும்மல் குறைந்தது, ஆனால் தூக்கம் வந்தது. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் ரப்பர் காட்டுக்குப் போகிறவருக்கு அது ஒத்துவருமா? ஒரு நாள் கண் சொக்கி, வண்டியோடு கால்வாய்க் கரை வரை போய்விட்டுத் திரும்பினார். அதோடு மாத்திரையைத் தொடவில்லை.

அப்போதுதான் அந்தக் கேப்சூல் வந்தது. அம்மாவோடு பக்கத்து நிரையில் மரம் சீவும் ஒருவர் இருக்கிறார். உறவில்லை, ஆனாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு பச்சை டப்பா வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

“இது மருந்து இல்லக்கா, வெறும் மூலிக. நானும் இதான் சாப்புடறேன். சாப்ட்டுப் பாரு, அப்புறம் என்னைய கேளு.”

அம்மா டப்பாவை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் எந்த எழுத்தாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். மின்சார பில், பள்ளிக் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம். நான் வாசித்தேன். மஞ்சள், இஞ்சி, கருஞ்சீரகம், இன்னும் சில இலைகளின் பெயர்கள். கீழே ஏதோ ஒரு பதிவு எண். “எல்லாம் மூலிகைதான்மா, சாப்பிடுங்க” என்றேன்.

இரண்டே நாளில் அம்மாவின் தும்மல் நின்றுவிட்டது. கண் தெளிந்தது. முழங்கால் வலிகூடப் போய்விட்டது என்றார். வாய்க்கு ருசி வந்தது. முன்பெல்லாம் அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுகிறவர், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். இவ்வளவு நல்லது செய்கிறதே என்று இலை உதிரும் காலம் முடிந்த பிறகும் அதை விடவில்லை.

எனக்கோ வேறு ஒரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரத்துத் தஞ்சோங் டாவாய்க்கு மோட்டாரில் போய் நல்ல மீனாக வாங்கி வருவேன். பால்மாவு, பழம், முட்டை என்று வீட்டில் எதற்கும் குறை வைக்கவில்லை. மாதங்கள் போகப் போக அம்மாவின் ஒட்டிய கன்னம் நிரம்பியது. முகம் வட்டமாகி, பளபளவென்று சிவந்தது. கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

“மக சம்பாத்தியம் மூஞ்சியிலயே தெரியுதுலா.”

“எங்க வீட்லயும் ஒன்னு இருக்கு, கைபேசிய நோண்டிக்கிட்டு. உனக்குக் குடுத்து வச்சிருக்கு.”

அம்மா சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டுவார். பிள்ளைகளைப் படிக்க வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த முகம்தான் பதில் என்று நினைத்தேன். பெற்றவளின் கன்னத்தில் நான் ஏற்றிய சதை அது.

அடுத்த வருடம் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். எனக்கு வேலை கிடைத்ததற்கான வேண்டுதல். விரதம் தொடங்கிய அன்று காலை, சாமி கும்பிட்டுவிட்டு வழக்கம்போல் கேப்சூலை எடுத்தார். நான்தான் தடுத்தேன். கேப்சூலின் மேல் உறையை மாட்டின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து காய்ச்சி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், பாடத்தில் படித்தது.

அம்மா கையை உதறினார். “மாடா? இத்தன நாளும் மாட்டையா முழுங்கிக்கிட்டு இருந்தேன்?”

“உறை மட்டும்தான்மா. வேணும்னா உள்ள இருக்கற பொடிய கொட்டிச் சாப்பிடுங்க.”

“அதுல பட்டதுதான பொடியும். வேணாம்பா, சாமிக்குச் செய்யறது சுத்தமா செய்யணும்.”

டப்பா அலமாரிக்குள் போனது. தும்மல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அம்மா பொறுத்துக்கொண்டார். பிறகு உடம்பெல்லாம் வலி என்றார். எழுந்தால் தலை சுற்றியது, இரண்டு வாய் சாப்பிட்டால் வாந்தி. நான் பயந்தேன், ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும், சாமி சோதிக்கிறார் என்றார்கள். குடத்தை நான் எடுக்கிறேன் என்று கேட்டதற்கு அம்மா ஒப்பவில்லை. “உனக்காக வேண்டுனத நீயே எடுத்தா அது என்ன வேண்டுதல்?”

அப்படித்தான் அந்தக் காலை வெயிலில் நடந்து வந்து, கோயில் வாசலுக்கு முன்னால் விழுந்தார்.

கைகூப்பி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் உள்ளே வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தார். மேளக்காரர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார்.

“தங்கச்சி, இது அருள் இல்ல. கை ஐஸ் மாதிரி இருக்கு. தூக்கு, என் வேன் பக்கத்துலதான் நிக்குது.”

மோர்க் குடங்கள் ஏற்றி வந்த வேன் அது. பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால் நனைந்த மஞ்சள் சேலை, வெளுத்த உதடு. அம்மா, அம்மா என்று கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. அந்த அண்ணன் வழி முழுவதும், “பேசிக்கிட்டே வாம்மா, அவங்களுக்குக் காது கேக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். எங்களை இறக்கிவிட்டு, சக்கர நாற்காலி வரும் வரை நின்றுவிட்டுத்தான் போனார். நான் நன்றி சொல்லவில்லை, அவருடைய பெயரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகக் கீழே இருந்தன. ஊசி, டிரிப் என்று சுற்றிலும் ஆட்கள். ஒரு மலாய் டாக்டர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார், என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். “இல்லை, ஒன்றும் இல்லை” என்று மலாயில் உறுதியாகச் சொன்னேன். எங்களைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லையே.

பதிவுக்காக அம்மாவின் அடையாள அட்டையை நீட்டினேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“இனி எமாக் அவாக் கெ?”

இது உங்கள் அம்மாதானா என்று கேட்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. அட்டையில் இருப்பது பழைய படம், நான் வேலைக்குப் போன பிறகு நன்றாகச் சாப்பிடுகிறார், அதனால் உடம்பு தேறியிருக்கிறது என்று சற்று நிமிர்ந்தே சொன்னேன்.

அவர் கட்டிலுக்கு அருகே போனார். அம்மாவின் ரவிக்கைக் கையை மெதுவாக மேலே தள்ளிக் காட்டினார். மெலிந்த கையில் அங்கங்கே ஊதா நிறக் கன்றல்கள். காகிதம் போன்ற தோல். பிறகு கழுத்தின் பின்னால் திரண்டிருந்த சதையைத் தொட்டுக் காட்டினார். கையும் காலும் குச்சியாக இருக்க, முகமும் வயிறும் மட்டும் ஊதியிருந்தன. தினமும் பார்க்கிற என் அம்மாதான். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, கட்டிலில் கிடந்தது வேறு யாரோ போல இருந்தது.

“ஜாமு, கேப்சூல், அந்த மாதிரி ஏதாவது?” என்று டாக்டர் கேட்டார். ஜாமு என்றால் மலாய் நாட்டு மருந்து.

பச்சை டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இப்படி வருகிற ஆட்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மூலிகை என்று விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள், டப்பாவில் எழுத மாட்டார்கள் என்றார். தும்மலும் வலியும் உடனே நிற்கும், பசி எடுக்கும், முகம் ஊதும். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருப்பதால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவார். இன்னும் தாமதமாகியிருந்தால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அவர் மிக மெதுவாகச் சொன்னார்.

அந்தச் சதை மீனால் இல்லை, பால்மாவால் இல்லை, என் சம்பளத்தால் இல்லை. ஊரே பார்த்து மெச்சிய அந்தக் கன்னம் நோயின் வீக்கம். அதை என் கைபேசியில் முகப்புப் படமாக வைத்திருந்தேன்.

மாலையில் அம்மா கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பால் கொட்டிருச்சா?”

“ஆமாம்மா.”

“வாசல்லயா, உள்ளயா?”

“வாசலுக்கு முன்னால.”

“பரவால்ல. அவருக்குத் தெரியும் நாம வந்தது.”

நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் அத்தையின் வீட்டுக்குப் போனேன். அவரும் அதே கேப்சூலைத்தானே சாப்பிடுகிறார். அவருடைய முகமும் வட்டமாக, சிவப்பாக இருந்தது. அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. முதலில் அவர் நம்பவில்லை. “உங்கம்மாவுக்கு ஒத்துக்கல. எனக்கு ஒன்னும் ஆவலியே.” நான் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தையும், கைபேசியில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அத்தை எழுந்துபோய்த் தன்னுடைய அட்டையை எடுத்து வந்தார். கண்ணாடி முன்னால் நின்றார். அடுப்படிக்குப் போய் டப்பாவை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடப் போனார்.

நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி உடனே நிறுத்தியதால்தான் அம்மா விழுந்தார் என்று சொன்னேன். விஷம் என்று நான் சொல்லிக் காட்டியதை, தூக்கிப் போடாதீர்கள் என்றும் நானே கெஞ்ச வேண்டியிருந்தது. டப்பாவோடு அவரை அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

இருவருக்கும் டாக்டர்கள் அதே வகை மருந்தை அளவாகக் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அந்தப் பதிவு எண்ணை வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அரசாங்க மருந்துப் பதிவில் அப்படி ஓர் எண்ணே இல்லை. முதல் நாளே தேடியிருக்கலாம். வாசிக்கத் தெரிந்த எனக்கு, அச்சில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று தோன்றவில்லை.

அம்மாவின் தும்மலுக்கு இப்போது மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். “இதுலயும் அது இருக்கா?” என்று அம்மா சந்தேகமாகக் கேட்டார். இருக்கிறது, மிகக் கொஞ்சம், ஆனால் அதைப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினேன். வேலைக்குப் போகும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறார். திரும்பி வந்ததும் குளித்து, மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறார். பூக்கும் காலத்தில் துணியை வெளியே உலர்த்துவதில்லை. தும்மல் அடியோடு போகவில்லை. முக்கால்வாசி போய்விட்டது, தூக்கமும் வருவதில்லை.

கன்னம் பழையபடி ஒட்டிவிட்டது. இப்போது கோயிலில் பார்க்கிறவர்கள், “என்னக்கா இப்படி எளச்சிட்ட, மக சோறு போடலயா?” என்று கேட்கிறார்கள். அம்மா அதற்கும் சிரிக்கிறார். “போடறா போடறா, இவ்ளோதான் ஒட்டுது” என்கிறார்.

இந்த வருடமும் இலை உதிர்ந்து, இப்போது பூக்கத் தொடங்கியிருக்கிறது. விடியற்காலையில் மோட்டாரைக் கிளப்புவதற்கு முன் வாசலில் அம்மா இரண்டு தும்மல் போடுவது எனக்குப் படுக்கையில் கேட்கிறது. முன்பு அந்தச் சத்தத்தை எப்படியாவது நிறுத்திவிடத் துடித்தவள் நான். இப்போது, அது என் அம்மாவின் சொந்த உடம்பிலிருந்து வருகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு, மோட்டார் தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.