பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை

"12, வெள்ளி. ஷார்ஜா." கடிதத்தின் தலையில் இவ்வளவுதான் இருக்கிறது. மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. அதற்கு மேலே 786. கீழே, "அன்புள்ள மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி, நலம் விசாரித்து, ஐந்தாவது வரியில் இப்படி வருகிறது: "இந்த ஊர்ச் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்கிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன்."

இந்தக் கடிதம் என் பார்வைக்கு வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் எங்கள் வட்டார ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு அறைகள். பழைய கடிதங்கள், புகைப்படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பஸ் டிக்கெட்டுகள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்தோம். ஒவ்வொரு கடிதத்தோடும் கொடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைப்பது வழக்கம். ஊசி துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் ஒரு நாள் உட்கார்ந்து எல்லா ஊசிகளையும் கவனமாகக் கழற்றினேன். தாள்கள் பிழைத்தன. எந்தச் சீட்டு எந்தத் தாளுக்கு என்பதுதான் போய்விட்டது.

வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களில் இது பெரிய சிக்கல். அந்தக் காலத்தில் பல கடிதங்கள் தபாலில் வரவில்லை; ஊருக்குப் புறப்படுகிற ஆளின் கையில் கொடுத்தனுப்பப்பட்டவை. உறை கிடையாது, முத்திரை கிடையாது. கணவன் மனைவியைப் பெயர் சொல்லி எழுதுவதும் அரிது. "உன் கணவன்" என்று முடிந்துவிடும். எனவே கையெழுத்தைப் பார்த்துப் பிரித்தேன். இரண்டு கடிதங்கள் ஒரே கையெழுத்தில், முத்து முத்தாக இருந்தன. ஒன்றில் குடவாசல் வீட்டு ஓடு மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தது. மற்றதில் பூதலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கும் நாளைப் பற்றிய ஏக்கம். ஒன்றின் தலையில் பிள்ளையார் சுழி, மற்றதில் 786.

ஒரு கண்காட்சிக்கு இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ஓர் அட்டையும் எழுதி வைத்தேன். "ஒரே மனிதர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். கையெழுத்தைக் கொண்டு உறுதி செய்யப்பட்டது. ஒன்றில் பிள்ளையார் சுழியும் மற்றொன்றில் 786-ம் இட்டிருப்பது இவருடைய மத நல்லிணக்கத்துக்குச் சான்று." எழுதிவிட்டு இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் கண்காட்சிக்கு வந்தார். அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகைகள் அந்தக் கையால் எழுதியவையாம். அட்டையோடு சேர்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஓர் அம்மா உள்ளே வந்தார். கையில் பிஸ்கட் டின். பின்னால், கூத்தாநல்லூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அவருடைய கணவர், குடையை மடக்கியபடி.

"சார், இந்த அட்டையை எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"எங்க வூட்டுக்காரருக்குக் குடவாசல்ல ஒண்ணு, பூதலூர்ல ஒண்ணுன்னு ரெண்டு குடும்பம் சேத்து வச்சிருக்கீங்க. கல்யாணத்துக்கு எங்கள ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். கணவர் முன்னால் வந்தார். "அறையில ஆறு பேரு சார். எல்லாருக்கும் எழுதத் தெரியும். ஆனா, 'பாய், உங்க கையெழுத்து பாக்க நல்லாருக்கு, நீங்களே எழுதுங்க'ன்னுடுவாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. அவங்க சொல்லுவாங்க, நான் எழுதுவேன். குடவாசல் அண்ணனுக்குப் பிள்ளையார் சுழி போடுவேன், பூதலூர் பாய்க்கு 786. அவ்வளவுதான் சார் நல்லிணக்கம்."

"ரெண்டு நாளா கடையில யாரும் சாமான் வாங்கல" என்றார் அந்த அம்மா. "வர்றவன்லாம், 'பாய், குடவாசல் வூட்டுக்கு ஓடு மாத்தியாச்சா?'ன்னு கேட்டுட்டுப் போறான்."

மன்னிப்புக் கேட்டேன். அட்டையை அவர் கண் முன்னாலேயே எடுத்துக் கிழித்தேன்.

"அட்டைய விடுங்க சார், அது தமாஷு. நான் வந்தது வேற விஷயத்துக்கு." டின்னைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். தலையில் 786, கீழே 12, வெள்ளி, ஷார்ஜா. உதிரிச் சோற்றைச் சொல்லும் ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். "மாமியாருக்குக் கடுதாசி படிச்சுக் காட்டுறப்ப இந்த வரிய மட்டும் தாண்டிடுவேன். இது எனக்குன்னு எழுதினதுன்னு இத்தன வருஷமா வச்சிருக்கேன். இப்ப உங்க பொட்டியில ரெண்டு பேருக்கும் அதே வரி இருக்கு. மொதல்ல யாருக்கு எழுதினாருன்னு எனக்குத் தெரியணும். அடுத்தவங்க பொண்டாட்டிக்கு எழுதின மிச்சமா எனக்கு வந்துச்சு?"

"உனக்குத்தான் புள்ள மொதல்ல" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. பூதலூர்ல ரயில் வந்துடப் போவுது."

உண்மையில் பெட்டியிலிருந்த இரண்டு கடிதங்களிலும் அந்த வரி இருந்தது. ஒரே ஆள் என்று நம்பியதால் எனக்கு அது விந்தையாகப் படவில்லை.

தேதி பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பழைய காலண்டர்களை இறக்கினேன். கணவர் பாஸ்போர்ட் கொண்டுவந்திருந்தார். மனைவி எடுத்துவரச் சொன்னாராம். 1995 பிப்ரவரியில் போய் 1996 ஆகஸ்டில் திரும்பியிருக்கிறார். குடவாசல்காரர் முதல் நாளிலிருந்தே அதே அறை.

பூதலூர்க் கடிதத்தில், "தேர்தல் முடிந்து ஆட்சி மாறிவிட்டதாமே" என்று இருந்தது. ஆகவே அது 1996 மே மாதத்துக்குப் பிந்தியது. போட்டியில் கடைசி. குடவாசல் கடிதத்தில், "பொங்கல் இந்த வாரம் கழிந்தது. அறையில் பாய்மார்களுக்கு அடுத்த வாரம் நோன்பு. எனக்கும் கஞ்சி உண்டு" என்று இருந்தது. 1995இல் நோன்பு பிப்ரவரியில் தொடங்கியது. 1997இல் பொங்கலுக்கு முன்பே. பொங்கலுக்கு அடுத்த வாரம் தொடங்கியது 1996இல்தான். வெள்ளிக்கிழமை எழுதியது என்றால் ஜனவரி 19.

"இப்ப எங்களுது?" என்றார் அந்த அம்மா.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமையாக வருவது அவர் அங்கிருந்த காலத்தில் நான்கே முறை. 1995 மே, 1996 ஜனவரி, ஏப்ரல், ஜூலை. முதல் இரண்டில் ஒன்று என்றால் வரி இவருடையது. பின் இரண்டில் ஒன்று என்றால் குடவாசலுக்கு எழுதியது இவருக்கு வந்திருக்கிறது. நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் கடிதத்தின் கடைசி வரியைக் காட்டினார்: "கொடுத்தனுப்பிய கூழ் வற்றல் கிடைத்தது. அறையில் ஒரே நாளில் தீர்ந்தது."

"வத்தல் நல்ல வெயில்ல காய வச்சுத்தான் அனுப்புவேன். அதனால ஜனவரி இல்ல. ஏப்ரலா இருக்கும்" என்று சொன்னவர், சொன்னது தனக்கே எதிராகப் போவதை உணர்ந்து நிமிர்ந்தார். "ஏன் சார், மே மாசம் வெயில் இல்லையா?"

"மேயிலும் வெயில்தாம்மா."

"அதான சொன்னேன்."

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் போனை எடுத்துக் குடவாசல்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனை உரத்துச் சிரித்தது. "பாய், அது நான் சொன்ன வரி! நீங்க குக்கர்ல தண்ணி கம்மியா ஊத்துன அன்னைக்கு நான்தான் சொன்னேன். எழுதுனது மட்டும் நீங்க."

"என்னங்க அநியாயமா இருக்கு! நான் எழுதிக் காட்டினப்ப, 'எனக்கும் அத போட்டுடுங்க'ன்னது நீங்கதானே?"

அந்த அம்மா போனின் பக்கம் குனிந்தார். "அண்ணே, பொங்கலுக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு எழுதினீங்களா?"

"எழுதியிருப்பேம்மா. என்ன எழுதினேன்னு யாருக்கு நெனவிருக்கு? எம் பொண்டாட்டி ஓடு சங்கதிய மட்டும் படிச்சுட்டு மிச்சத்த மடிச்சு வச்சுட்டா."

இதைக் கேட்டு அந்த அம்மா சிரித்தார். அன்று முதல் முறையாக. "பாத்தீங்களா சார், அவங்க அந்த வரியப் படிக்கவே இல்ல. நான் படிச்சேன்." கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். மூலத்தைத் தர மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. ஜெராக்ஸோடு பெயர்ச் சீட்டைச் சேர்க்க நான் குண்டூசியை எடுக்க, கணவர் என் கையைப் பார்த்தார். ஊசியை வைத்துவிட்டு நூலால் கட்டினேன்.

புது அட்டையை அவர்கள் இருக்கும்போதே எழுதினேன். எழுதியவர் ஒருவர், சொல்லி எழுதச் செய்தவர்கள் மூவர், மூவரில் எழுதியவரும் ஒருவர் என்று தொடங்கி, கூத்தாநல்லூர்க் கடிதத்தின் தேதிக்கு வந்தபோது நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"மூணு மாசத்தையும் போடுங்க சார். பொய் எழுத வேணாம். ஆனா மே மாசத்த மொதல்ல போடுங்க."

அப்படியே போட்டேன். பெட்டியில் இப்போது மூன்று தாள்கள் இருக்கின்றன. மூன்றாவதன் அட்டையில் உள்ளது இது: "தேதி 12, வெள்ளி. 1995 மே, அல்லது 1996 ஏப்ரல், அல்லது 1996 ஜூலை. எழுதியவரும் குடவாசல் நண்பரும் ஐந்தாவது வரியைத் தமதென்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை."